பக்கத்துத் தெருவில் கரண்ட் இருக்கா?

1960 மார்ச் 4 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். சேனலில் 'த ட்விலைட் ஸோன்' தொடரின் ஒரு எபிசோடு வந்தது. எழுதியவர் ராட் செர்லிங். இடம், மேப்பிள் தெரு. கோடைக்காலச் சனிக்கிழமை சாயங்காலம். பையன்கள் விளையாடுகிறார்கள், ஐஸ்கிரீம் வண்டி நிற்கிறது, ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே பெரிய இரைச்சலோடு ஏதோ ஓர் ஒளி கடந்துபோகிறது. அவ்வளவுதான். கரண்ட் இல்லை, போன் இல்லை, கார் கிளம்பவில்லை.

எல்லோரும் தெருவுக்கு வந்து நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பீட் வான் ஹார்ன் என்பவர் மட்டும் ஒரு காரியம் செய்கிறார். இடுப்பில் சுத்தியலைச் செருகிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துவரக் கிளம்புகிறார். நம் ஊரில் கரண்ட் போன அடுத்த நிமிஷம் எல்லோரும் செய்வது. அவர் போன நேரத்தில் ஒரு சிறுவன் தான் படித்த கதையைச் சொல்கிறான்: வேற்றுக்கிரகவாசிகள் வருவதற்கு முன், மனிதர்களைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு குடும்பத்தை முதலில் அனுப்பிவைப்பார்களாம். சந்தேகம் அங்கே முளைக்கிறது. ஒருவருடைய கார் தானாக ஸ்டார்ட் ஆகிறது. ஏன் அவருடையது மட்டும்? இன்னொருவர் வீட்டில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார். யாரிடம் பேசுகிறார்? இருட்டிய பிறகு தெருமுனையில் ஓர் உருவம் நடந்து வருகிறது. பயந்துபோன ஒருவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறார். கிட்டே போய்ப் பார்த்தால் பீட் வான் ஹார்ன்.

பக்கத்துத் தெருவின் சேதியோடு திரும்பிய ஒரே ஆள். அந்தச் சேதி என்னவென்று அந்தத் தெருவுக்குக் கடைசிவரை தெரியாது.

அரை மணி நேரக் கதை. மின்சாரம் இல்லாத சமூகத்தைப் பற்றி அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தொடர்களைப் பார்த்துவிட்டேன். இந்த வகைக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்தால் எந்த மொழியாக இருந்தாலும் தேடிப் பார்த்துவிடுவேன். பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது பீட் வான் ஹார்னைத்தான். என்ன ஆச்சு என்று போய்ப் பார்க்கிற ஆள், சுத்தியல் வைத்திருக்கிற ஆள். பெரும்பாலான தொடர்களில் அவர் முதல் எபிசோடிலேயே செத்துவிடுகிறார், அல்லது எழுதப்படவே இல்லை. இந்த வகைக் கதைகளின் பெரிய குறை என்று நான் நினைப்பது அதைத்தான்.

'ரெவல்யூஷன்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2012 செப்டம்பர் 17 அன்று என்.பி.சி.யில் தொடங்கி, இரண்டு சீசன், 42 எபிசோடு ஓடியது. உருவாக்கியவர் எரிக் கிரிப்கே, தயாரித்தது ஜே.ஜே. ஆப்ரம்ஸின் நிறுவனம், முதல் எபிசோடை இயக்கியவர் ஜான் ஃபாவ்ரோ. ஒருநாள் இரவு உலகம் முழுவதும் கரண்ட் போய்விடுகிறது. வீட்டு லைன் மட்டுமல்ல, பேட்டரி, கார் இன்ஜின், விமானம் எல்லாம். கதை அங்கிருந்து 15 வருடம் தாவுகிறது.

முதல் எபிசோடில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. கரண்ட் போகப்போவது ஓர் அப்பா அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியும். அம்மா செய்கிற ஒரு வேலை, சின்ன மகளைக் கூப்பிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடக் கொடுப்பது. இனி அது கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. பதினைந்து வருடம் கழித்து ஒரு புறநகர்க் குடியிருப்பின் புல்வெளிகள் வயலாகிவிட்டன. ஒரு காலத்தில் கூகுளில் பெரிய பதவியில் இருந்த ஆரன் இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு வாத்தியார். வங்கியில் கிடந்த அத்தனை கோடியையும் ஒரு ரோல் டாய்லெட் பேப்பருக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். மேகி என்ற டாக்டர் ஓடாத ஐபோன் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். இங்கிலாந்தில் விட்டுவந்த பிள்ளைகளின் போட்டோ அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஐபோன் ஒன்றே ஒரு தொடருக்குப் போதும். படம், பாட்டு, கடிதம், கணக்கு எல்லாவற்றையும் கரண்ட் இருந்தால் மட்டும் திறக்கிற பெட்டிக்குள் வைத்துவிட்ட தலைமுறை நாம். மேகி அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஆனால் தொடர் அந்தப் பக்கம் தொடர்ந்து போகவில்லை. அமெரிக்கா பல துண்டாகிறது: மன்றோ குடியரசு, ஜார்ஜியா கூட்டமைப்பு, டெக்ஸஸ், கலிஃபோர்னியா. மன்றோவின் படை பொதுமக்களிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கிறது. அதனால் கதாநாயகன் வாள் எடுக்கிறான். வாள் சண்டை வாராவாரம் வருகிறது, நன்றாகவும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் 15 வருடத்தில் அந்த மக்கள் தண்ணீரை எப்படி இறைக்கிறார்கள்? சாக்கடை எங்கே போகிறது? விதை எங்கிருந்து வருகிறது? நீராவி ரயில் ஒரு எபிசோடில் வருகிறது. அதை ஓட்டுவது படை. அதே நீராவியில் ஊருக்கு ஒரு பம்ப் ஓட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காற்றாலையில் மாவு அரைக்கலாம், ஓடையில் சக்கரம் போட்டு மரம் அறுக்கலாம். இதெல்லாம் மின்சாரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் செய்ததுதான்.

முதல் சீசன் முடிவில் கொஞ்ச நேரத்துக்குக் கரண்ட் திரும்பி வருகிறது. கதாசிரியர்கள் அந்தக் கரண்ட்டை வைத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பிலடெல்ஃபியாவுக்கும் அட்லான்டாவுக்கும் அணு ஏவுகணை அனுப்பினார்கள். ஒரு ஆஸ்பத்திரி விளக்கு எரிந்ததை அழுத்திக் காட்டியிருக்கலாம். மேகி அதற்குள் இறந்துபோயிருந்தாள். அவளைப் போல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பழைய போனைக் கையில் எடுத்திருப்பார்களே, அதைக் காட்டியிருக்கலாம். இந்தத் தொடர்மீது எனக்கு உள்ள உண்மையான கோபம் அந்த எபிசோடில்தான் பிறந்தது.

இந்தத் தொடர் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவின் மின்தொகுப்புகள் விழுந்து 60 கோடிக்கும் அதிகமானோர் வாழும் பகுதிகள் இருட்டாகின. மேற்கு வங்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் லிஃப்ட் நின்று தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டு பிறகு மீட்கப்பட்டார்கள். தென்னிந்தியத் தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் நாம் தப்பினோம். ஆனால் தமிழ்நாட்டுக்கு வேறு துன்பம் இருந்தது. அந்த வருடக் கடைசியில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேலே மின்வெட்டு. நான் இந்தத் தொடரைப் பார்த்தது அந்த மாதங்களில், லேப்டாப் பேட்டரி தாங்குகிற வரைக்கும்தான். எங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், முதலில் விழித்தவர் பக்கத்து வீட்டு ஜன்னலைத் தட்டி, "அக்கா, கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போடுங்க" என்பார். அந்த அக்கா அடுத்த வீட்டைத் தட்டுவார். யாரும் கூட்டம் போட்டுப் பேசி முடிவுசெய்த ஏற்பாடு அல்ல அது. 'ரெவல்யூஷன்' ஓடிய அதே காலத்தில் உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் மின் இணைப்பே இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் யாரும் வாள் எடுத்துக்கொண்டு அலையவில்லை. விறகு பொறுக்கினார்கள், மண்ணெண்ணெய் வாங்கினார்கள், புகையில் இருமினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

ஒரு முழுச் சமூகம், ஏற்கெனவே மின்சாரத்துக்குப் பழகிய சமூகம், வருடக்கணக்கில் அதை இழந்து வாழ்ந்ததற்கு நம் மொழிக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவது நின்றது. மண்ணெண்ணெய், பெட்ரோல், டோர்ச் பற்றறி எல்லாவற்றுக்கும் தடை. அங்கே வாழ்ந்தவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் திரும்பத்திரும்ப வருவது சிக்கன விளக்கு. ஒரு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மெல்லிய ஒரு திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. அந்த வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்துதான் பிள்ளைகள் ஓ/எல், ஏ/எல் சோதனைக்குப் படித்தார்கள். றேடியோவுக்குப் பற்றறி இல்லை. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள்.

அந்தக் காலத்தை இனிமையானதாகக் காட்ட எனக்கு மனசில்லை. குண்டு விழுந்த காலம், மருந்தில்லாமல் உயிர் போன காலம் அது. நான் சொல்லவருவது, அங்கே நடந்தவற்றில் 'ரெவல்யூஷன்' போன்ற ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாமும் இருந்தது: படை, பயம், இழப்பு, தடை. கூடவே அந்தத் தொடரில் இல்லாத ஒன்றும் இருந்தது. கவிழ்த்துவைத்த சைக்கிள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் கற்பனைக்கு 15 வருடத்தில் எட்டாத கண்டுபிடிப்பு அங்கே சில மாதங்களில் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

ஏன் இந்தக் கதாசிரியர்கள் எல்லோரும் வன்முறைக்கே போகிறார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 1977 நியூயார்க் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜூலை 13 ராத்திரி மின்னல் தாக்கி நகரம் இருண்டது. கடைகள் உடைக்கப்பட்டன, கட்டடங்கள் எரிந்தன, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்த ஒரு இரவுதான் அமெரிக்கக் கற்பனையில் நிலைத்துப்போனது. ஆனால் அதே நியூயார்க் 1965 நவம்பர் 9 அன்றும் இருண்டிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 3 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். லட்சக்கணக்கானோர் சுரங்க ரயிலில் மாட்டினார்கள். நகரம் அமைதியாக இருந்தது. 2003 ஆகஸ்ட் 14 அன்று சுமார் 5 கோடிப் பேர் இருளில். அப்போதும் பெரிய கலவரம் இல்லை, ஜனங்கள் பாலம் பாலமாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். 1977-இல் நகரமே திவாலாகும் நிலையில் இருந்தது, வேலையில்லாத் திண்டாட்டம், தாங்க முடியாத வெக்கை. கரண்ட் போவதற்கு முன்பே உடைந்துபோயிருந்ததுதான் அன்று ராத்திரி வெளியே தெரிந்தது. மின்சாரம்தான் மனிதர்களைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது, அது போனால் மிருகம் வெளியே வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு மூன்றில் ஓர் இரவுதான் ஆதாரம்.

2003-இல் உண்மையிலேயே நெருக்கடி எங்கே வந்தது தெரியுமா? கிளீவ்லாந்தில், குழாயில். பம்ப் நிலையங்களுக்குக் கரண்ட் இல்லாமல் நகரத்தின் தண்ணீர் நின்றது. மேல்மாடிக்காரர்களுக்குக் கரண்ட் என்றால் முதலில் தண்ணீர்தான். விளக்கு அதற்குப் பிறகு. செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம். ஜெனரேட்டர் டீசல் இருக்கும்வரை. டீசல் பங்க்கில் இருக்கிறது, ஆனால் பங்க்கின் பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். இந்தச் சங்கிலியைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தாலே பயங்கரமான நாடகம் கிடைக்கும். 2013-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் எடுத்த 'அமெரிக்கன் பிளாக்அவுட்' பத்து நாள் இருட்டை அப்படிப் பின்தொடரப் பார்த்தது. பிறகு பதுங்கறை வைத்திருக்கிறவன், துப்பாக்கி வைத்திருக்கிறவன் என்ற பழைய பாதையிலும் போய்விட்டது. அதே வருடம் பிரிட்டனின் சேனல் 4 எடுத்த 'பிளாக்அவுட்'டும் கலவரத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஐரோப்பாவில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸின் கனால் ப்ளூஸ் 2019-இல் வெளியிட்ட 'லெஃபோந்த்ரமான்' எட்டே எபிசோடு. ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். ஏன் எல்லாம் நொறுங்கியது என்று அவர்கள் விளக்குவதில்லை. எத்தனையாவது நாள் என்று மட்டும் சொல்கிறார்கள். இரண்டாம் நாள் சூப்பர்மார்க்கெட். ஐந்தாம் நாள் பெட்ரோல் பங்க். ஐம்பதாம் நாள் முதியோர் இல்லம்: எல்லோரும் போய்விட்ட பிறகும் ஒரு பராமரிப்பாளர் மட்டும் கிழவர்களோடு இருக்கிறார், தட்டில் போட ஒன்றும் இல்லை. அணுமின் நிலைய எபிசோடில் ஒரு கூட்டம் தன்னார்வமாக உள்ளே நுழைகிறது, குளிர்விக்கத் தண்ணீர் சுமக்க. உலகின் மிகச் சிக்கலான இயந்திரங்களில் ஒன்றைக் காப்பாற்ற மனிதர்கள் கையால் தண்ணீர் தூக்கி ஓடுகிறார்கள், கேமராவும் நிற்காமல் கூடவே ஓடுகிறது. அணு உலையை நிறுத்தினாலும் அதன் வெப்பம் உடனே அடங்காது, அதைத் தணிக்கக் கரண்ட் வேண்டும் என்ற உண்மையை, ஒரு வகுப்பும் எடுக்காமல், மூச்சு வாங்க வைத்தே புரியவைத்துவிடுகிறார்கள்.

ஸ்பெயினின் 'அபகோன்' 2022-இல் வந்தது. ஐந்து கதை, ஐந்து இயக்குநர்கள். சூரியப் புயல் காரணம், அதுவும் நம்பக்கூடிய காரணம். 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. நீளமான மின்தடங்களில் பூமி வழியாக வேண்டாத மின்னோட்டம் புகுந்து டிரான்ஸ்ஃபார்மர்களைப் பாதிக்கிறது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பல நூறு டன் எடை. கடையில் போய் வாங்கிவர முடியாது, ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கும் மேலே காத்திருக்க வேண்டும். இந்தத் தொடரில் நான் யாரையாவது ஒரே ஒரு எபிசோடு பார்க்கச் சொல்வதென்றால் ஆல்பெர்த்தோ ரொத்ரீகெஸ் இயக்கிய நாலாவது. மலையில் தனியாக ஆடு மேய்ப்பவன் ஒருவன். கரண்ட் இருந்தபோதும் அவன் வாழ்க்கை கிட்டத்தட்ட இப்படித்தான். நகரத்திலிருந்து பசியோடு ஆட்கள் மலையேறி வரத் தொடங்கும்போதுதான் அவனுக்கு இருட்டு வருகிறது. ஆடுகள் அவனுக்குப் பெயர் தெரிந்த உயிர்கள், வருபவர்களுக்கு இறைச்சி. இங்கேயும் வன்முறை உண்டு. ஆனால் இதில் கொட்டுகிற ரத்தத்துக்கு எடை இருக்கிறது, ஏனென்றால் அவன் பால் கறப்பதையும் மந்தையை ஓட்டுவதையும் அதற்கு முன்னால் நாம் நிதானமாகப் பார்த்திருக்கிறோம்.

பிறகு 2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. மதியம் 12:33-க்கு ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் நிஜமாகவே கரண்ட் போனது. சில நொடிகளில் ஸ்பெயினின் உற்பத்தியில் சுமார் 15 கிகாவாட் காணாமல் போனது. ரயில்கள் நடுவழியில் நின்றன. சிக்னல் இல்லாத சந்திகளில் பொதுமக்களே இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். பேட்டரி ரேடியோ வைத்திருந்தவரைச் சுற்றி அந்நியர்கள் கூடி நின்று செய்தி கேட்டார்கள். இறப்புகளும் இருந்தன, கலீசியாவில் ஜெனரேட்டர் புகையால் ஒரே வீட்டில் மூன்று பேர் போனார்கள் என்று செய்தி வந்தது. எந்தத் தொடரிலும் இப்படி ஒரு மரணம் நான் பார்த்ததில்லை. ஆனால் மின்தடை நேரத்தில் உண்மையாக ஆளைக் கொல்வது வாள் அல்ல, மூடிய அறைக்குள் ஓடும் ஜெனரேட்டர்தான்.

அந்த ராத்திரி நடந்த இன்னொரு விஷயத்தைத்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன். முழுதாக விழுந்த மின்தொகுப்பை எப்படி எழுப்புகிறார்கள் என்பது. அனல்மின் நிலையத்தைத் தொடங்கவே கரண்ட் வேண்டும்: பம்ப், விசிறி, நிலக்கரி அரைக்கும் இயந்திரம் எல்லாம் ஓட வேண்டுமே. ஆகவே கொஞ்சம் பேட்டரியோ சின்ன டீசல் இன்ஜினோ இருந்தால் மதகைத் திறந்து சுற்ற ஆரம்பித்துவிடும் நீர்மின் நிலையம்தான் முதலில். போர்ச்சுகலில் செசெரே ஆற்றின் கஷ்டேலு டு போட் அணையும், தப்பாட டு ஒவ்டெய்ரு எரிவாயு நிலையமும் அப்படித் தொடங்கின. ஸ்பெயினுக்கு பிரான்ஸும் மொராக்கோவும் தங்கள் லைனிலிருந்து கரண்ட் கொடுத்து உதவின. ஒரு நிலையம் எழுந்ததும் பக்கத்தில் ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் கரண்ட். அதிகம் பேருக்குக் கொடுத்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்து மறுபடி எல்லாம் விழும். குறைவாகக் கொடுத்தால் ஏறிப்போகும். இப்படி அங்கங்கே தீவு தீவாக எழுந்தவற்றை, மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கட்டமும் ஒத்துப்போகிற அந்தக் கணத்தில் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். கட்டுப்பாட்டறையில் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு, 'இப்போ' என்று சொல்ல வேண்டும். யார் ஊருக்கு முதலில் கொடுப்பது என்ற முடிவும் அவர்கள் கையில்தான். மறுநாள் காலைக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கரண்ட் வந்துவிட்டது. இதைவிட விறுவிறுப்பான ஒரு பதினெட்டு மணி நேரம் எந்தத் திரைக்கதையில் கிடைக்கும்? இதை யாரும் தொடராக எடுத்து நான் பார்த்ததில்லை.

நம் பக்கமும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும், கேரளா போன்ற அண்டை மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் நின்ற வயலில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு கம்பத்தைத் தோளில் சுமந்துபோன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாரி போகாத இடத்தில் தோள்தான் லாரி. வாரக்கணக்கில் அவர்கள் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் படுத்து எழுந்தார்கள். கரண்ட் வந்த தெருக்காரர்கள் சோறு போட்டார்கள். ஒரு சமூகம் மின்சாரத்தை இழந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். நம் சீரியல்களில் வீடு, கல்யாணம், சொத்து, விஷம் எல்லாம் வருகிறது, லைன்மேன் வருவதில்லை.

ஸ்பெயின் இருண்ட அந்த ஏப்ரல் 28-க்கு இரண்டு நாள் கழித்து, 30-ஆம் தேதி, அர்ஜென்டினாவின் 'எல் எட்டர்நவுட்டா' நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 1957-இல் எக்டர் ஓஸ்டர்ஹெல்ட் எழுதத் தொடங்கிய சித்திரக்கதை. அவரும் அவருடைய நான்கு மகள்களும் பின்னாளில் ராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டார்கள். புவெனோஸ் ஐரஸில் கோடைக்காலத்தில் விஷப் பனி பெய்கிறது, மின்னணுச் சாதனங்கள் எல்லாம் செத்துவிடுகின்றன. சீட்டாடிக்கொண்டிருந்த நண்பர்களில் பழைய சாமான்களைத் தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்த ஃபவாலிதான் அவர்களைக் காப்பாற்றுகிறார். பழைய கார் ஓடுகிறது, புதியது ஓடவில்லை. பழசு வேலை செய்கிறது என்று அவர் சொல்வது அந்த ஊர்த் தெருக்களிலும் பேச்சாகிவிட்டது. மனசுக்கு நெருக்கமாக இருந்தது. சாமானைக் கழற்றத் தெரிந்தவனைக் கதையின் நடுவில் உட்காரவைத்த தொடர் அது.

என் மனதில் இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பி.பி.சி.யின் 'சர்வைவர்ஸ்'. உருவாக்கியவர் டெர்ரி நேஷன், 1975 முதல் 1977 வரை 38 எபிசோடு. கொள்ளைநோயில் பெரும்பாலானவர்கள் இறந்துபோக, மிஞ்சியவர்கள் கதை. முதல் எபிசோடிலேயே ஒரு வயதான ஆசிரியர், மகனைத் தேடி வந்த தாயிடம் பேசுகிறார்: நாம் தினமும் தொடுகிற சின்னப் பொருள்களைக்கூட அடியிலிருந்து செய்ய நம்மில் யாருக்குத் தெரியும்? மரம், இரும்பு, மெழுகு, எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டும், இருப்பதைப் பொறுக்கித் தின்று எத்தனை நாள் ஓடும்? மூன்று வருடம் அந்தக் கேள்வியோடே தொடர் நடக்கிறது: உழுகிறார்கள், உப்புக்கு அலைகிறார்கள், சட்டம் என்ன என்று சண்டை போடுகிறார்கள்.

1977 ஜூனில் வந்த கடைசி எபிசோடின் பெயரே 'பவர்'. ஸ்காட்லாந்தில் ஒரு நீர்மின் நிலையத்தைக் கண்டுபிடித்து ஓட்டப்போகிறார்கள். பொறியாளர் ஒருவர் கிடைத்துவிட்டார், அணையில் தண்ணீர் இருக்கிறது. அப்போது இரண்டு எதிர்ப்பு வருகிறது. ஒன்று ஸ்காட்லாந்துக்காரர்களிடமிருந்து: எங்கள் மலை, எங்கள் தண்ணீர், கரண்ட் ஏன் இங்கிலாந்துக்குப் போக வேண்டும்? இன்னொன்று கூடவே வந்த சாம் என்பவனிடமிருந்து. கரண்ட் திரும்பினால் பழைய உலகத்தின் கெட்டதெல்லாம் திரும்பிவிடும் என்று மனதார நம்பி அதைத் தடுக்கப் பார்க்கிறான். அவனை வில்லனாக எழுதவில்லை. அவன் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களின் கேள்விக்கும் நியாயம் இருக்கிறது; அணை கட்டிய ஊர்க்காரர்கள் உலகம் முழுவதும் கேட்கிற கேள்விதான் அது. கரண்ட் யாருடையது, யாருக்கு முதலில், எதற்காக என்பதையெல்லாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும் என்று அந்த எபிசோடுக்குத் தெரிந்திருக்கிறது.

காசில்லாமல் எடுத்த தொடர், படம் கொஞ்சம் மங்கல், நடை மெதுவானது. 38-ஐயும் பார்க்க நேரமில்லை என்றால் முதல் எபிசோடையும் இந்தக் கடைசி எபிசோடையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பார்த்தவர்கள் சாமின் பக்கமா, பொறியாளரின் பக்கமா என்று எனக்குச் சொல்லுங்கள். நான் பொறியாளரின் பக்கம்.